வெப்சைட் திறப்பு விழா

“ஐயாயிரத்து ஒரு ரூபா அப்படியே நிக்குது மாமா. பாதியாவது குடுத்தீங்கன்னா கம்ப்யூட்டர் சென்டர் வாடகையைக் கட்டிடுவேன். கட்டடக்காரரு கையில பூட்டோட நிக்கிறாரு” என்றாள் சிந்து.

பஞ்சநாதன், விற்பனைக்கு அடுக்கியிருந்த தன் ஹாலோ பிளாக் கற்களில் சாய்ந்துகொண்டு பல் குத்தினார்.

“முத்துவேல் மகளை ஏமாத்திட்டு ஓடியா போயிடப்போறேன்? திறப்பு விழா அன்னிக்கு சபையில வச்சே தீத்துடுறேன். அழைப்பிதழ் என்னாச்சு, அதைச் சொல்லு.”

வெப்சைட்டுக்குத் திறப்பு விழா வைக்கும் மனிதரைச் சிந்து பெரம்பலூரிலும் பார்த்ததில்லை, அரியலூரிலும் பார்த்ததில்லை. கீழப்பழுவூரில்தான் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது.

அவர் கல் வியாபாரத்துக்கு வெப்சைட் செய்ய அவள் கேட்டது எட்டாயிரம். அவர்தான் “ஐயாயிரத்து ஒண்ணு” என்று முடித்தார். அந்த ஒற்றை ரூபாய் எதற்கென்றால், “மங்களகரமா இருக்கட்டும்” என்றார். உழைக்கிறவள் கூலியில் மூவாயிரத்தை வெட்டிவிட்டு ஒரு ரூபாய்க்கு மங்களம் பாடவும் பெரிய மனசு வேண்டும்.

“கல்லு விலை, அளவு எல்லாம் போடணும் மாமா.”

“உன் இஷ்டம்.”

“நீங்க குடுத்த போன் நம்பர்ல ஒரு எண் குறையுது.”

“குறைஞ்சா குறையட்டும். அழைப்பிதழ்ல ஒரு பேரு குறையக் கூடாது. எறையூர் மச்சான் பேரு விட்டுப்போச்சு பாரு.”

“ஆடிப் பதினெட்டுக்குள்ள முடிச்சுடலாமே?”

“ஆடியில எவன் வருவான்? ஆவணி முதல் முகூர்த்தம்.”

“வெப்சைட்டைப் பாக்க யாரும் வரவே வேணாம் மாமா. அவங்கவங்க வூட்ல உக்காந்தே போன்ல பாத்துக்கலாம்.”

அவர் முகம் சுண்டிப்போனது. “அப்படி எதையும் அழைப்பிதழ்ல போட்டுடாத தாயி!”

பிள்ளை இல்லாத மனிதர், வெப்சைட்டையே பிள்ளையாக நினைத்துவிட்டார் போலும் என்று சிந்து இரக்கப்பட்டாள். கல்லை நாலு பக்கமும் படம் பிடித்து, கண் எரிய எரிய வேலையை முடித்தாள். அவர் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. செல்லப் பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்ற பயமாக்கும்.

ஆவணியும் வந்தது. கல் போடும் களத்தில் பந்தல், சீரியல் லைட், மைக் செட், ஆட்டுக்கறி பிரியாணி. வாலிகண்டபுரம் வரைக்கும் உள்ள சொந்தமெல்லாம் வேன் வைத்து வந்து இறங்கியது. சிந்து மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேராகப் பந்தல் வாசல் மேசைக்குப் போய் வரிசை கட்டினார்கள். மேசையில் ஒரு பெரிய அண்டா. அதில் ரூபாய்த் தாள் விழ விழ, மைக்கில் பெயர் முழங்கியது.

சிந்து கீழே இறங்கி வந்தாள். “என்ன மாமா இது?”

“மொய்யி” என்றார் பஞ்சநாதன், முகமெல்லாம் பூரித்து. “முப்பது வருஷமா காதுகுத்து, கல்யாணம்னு ஊருக்கெல்லாம் எழுதிட்டே இருந்தேன். திருப்பி வாங்க எனக்கும் ஒரு விசேஷம் வேணாமா?”

சிந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள். வாடகை ஞாபகம் வந்தது. “அண்டாதான் நிறைஞ்சுடுச்சே. இப்பவாவது என் காசைத் தீத்து விடுங்க.”

“சபையில வச்சுத் தீக்கிறேன்னு சொன்னேன்ல?” என்றவர், மைக் பிடித்திருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

மைக் கரகரத்தது: “முத்துவேல் மூத்த மகள் கல்யாணத்துக்கு நம்ம பஞ்சநாதன் எழுதின மொய் ஐயாயிரத்து ஒண்ணு... இளைய மகள் சிந்து அதை வெப்சைட்டா செஞ்சு, பாக்கி இல்லாம திருப்பிட்டாங்கோ!”