ரத்தம் ஓடிய முட்டை

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து இரண்டு கையாலும் துழாவினாள் தாரிகா. நொறுங்கிய ஓடுகள்தான் கிடைத்தன.

அம்மா அவள் முடியைப் பிடித்து உலுக்கினாள். "அறிவு கெட்டவளே! அப்பாவோட புத்துக்கட்டியில துணுக்கு எடுத்து உள்ள வெச்ச முட்டைடி! ஆறு முட்டைக்கு ஆறு மருந்து. எதுல ரத்தக்குழாய் வளரலையோ அந்த மருந்தைத்தான் அவருக்குப் போடுவோம்னு டாக்டர் சொன்னாரில்ல?"

பள்ளி விட்டதும் நாமக்கல் பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலை தாரிகாவுக்கு. விளக்கில் காட்டி, உள்ளே சிவப்பாக ரத்த இழை ஓடினால் கழித்துவிட வேண்டும். டாக்டர் வீட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்த இன்குபேட்டர் பெட்டியைத் துடைத்தபோதும் கை தானாக ஆறு முட்டையையும் விளக்கில் காட்டிக் கழித்துவிட்டது.

"திரும்ப வெக்கச் சொல்லலாம்மா."

"அதுவரைக்கும் அவரு இருக்கணுமேடி!"

கட்டிலில் கிடந்த அப்பா கையசைத்து அவளைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"முப்பது வருசம் நானும் அதே விளக்குல முட்டை பார்த்தவன் சாமி. நல்ல முட்டைய நீ கழிச்சிருக்க மாட்டே."

அம்மாவின் பிடி தளர்ந்தது.

"அப்படின்னா, ஆறுலயுமா ரத்தம் ஓடுச்சு?"