ராகி மாவு பாக்கெட்

"ஏன் அஞ்சுகம், கடையில நீ ஒரு சாமானையும் கையால தொடவே மாட்டியா?" என்று பக்கத்து வீட்டு மும்தாஜ் ஒருமுறை கேட்டாள். அஞ்சுகம் சிரித்து மழுப்பினாள். தொட்டால் பாக்கெட்டின் லேபிள் தொட்டவரின் உடம்பைப் பார்த்து, அது அவருக்கு ஆகுமா ஆகாதா என்று உரக்கச் சொல்லிவிடும். தான் அவளை அடிப்பது வெளியே தெரிந்தால் கொன்றுவிடுவதாகக் கணவன் தனசேகர் சொல்லியிருந்தான். அதனால் அவள் விரலை நீட்டுவாள். அவன் எடுத்துக் கூடையில் போடுவான்.

அன்று மேல்தட்டிலிருந்து சரிந்த ராகி மாவு பாக்கெட்டை அவள் தன்னையறியாமல் பிடித்துவிட்டாள்.

"கால்சியம் அதிகம். விலா எலும்பில் இரண்டு முறிவு இருப்பதால் உங்களுக்கு மிகவும் நல்லது," என்றது லேபிள்.

கடையே திரும்பிப் பார்த்தது.

"ஊருக்கே தண்டோரா போடுறியாடி?" தனசேகர் அவள் கூந்தலைப் பிடித்து முகத்தை இரும்பு அலமாரியில் மோதினான். அவள் பாக்கெட்டுகளின் மேல் விழுந்தாள்.

"மூக்கெலும்பில் புதிய முறிவு. இது உங்களுக்கு நல்லது," என்றது ஒன்று. அவன் உதைத்தான். "விலா எலும்பில் மூன்று முறிவு," என்றது இன்னொன்று.

"வாய மூடு!" என்று அவன் அதைப் பிடுங்கினான்.

"உங்கள் உடம்பில் காயம் ஏதும் இல்லை. நீங்கள் எதையும் சாப்பிடலாம்," என்றது லேபிள், அதே கனிவான குரலில்.

கல்லாவில் இருந்த அம்மாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "இன்னொரு தடவ அவ மேல கை வைடா, பாக்கறேன்!"

"எம் பொண்டாட்டி, நான் அடிப்பேன். உனக்கென்ன?"

அஞ்சுகம் அலமாரியைப் பிடித்து எழுந்தாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல், அவனைத் தாண்டி வாசலுக்குப் போய், தெருவில் இறங்கி நடந்தாள்.