முகப்பில் எழுதிய பெயர்

அய்யாக்குட்டி ஏணியில் ஏறி நின்று, உளியும் சுத்தியலுமாகத் தன் சொந்த வீட்டின் முகப்பைக் கொத்திக்கொண்டிருந்தார். ஜேசிபி வருவதற்குள் அவரே இடித்து முடித்துவிடுவார் போல என்று எதிர்ச்சாரி சிப்ஸ் கடையில் பேச்சு.

அவர் கொத்தியது வீட்டைக் காப்பாற்றத்தான். தென்காசியை அழகாக்குகிறோம் என்று குற்றாலம் போகும் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அய்யாக்குட்டி வீட்டுக் கூடத்தின் நடுவிலேயே சிவப்புக் கோடு போட்டாயிற்று. நூறு வயது தாண்டிய கட்டிடம் என்று காட்டினால் கோடு விலகிப் போகும். பழைய கட்டிடங்களைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி வித்யாலட்சுமியோ அன்று மாலையே பட்டியலை முடிக்கிறார்.

காட்டுவதற்குக் காகிதம் எதுவும் இல்லை. முகப்பில் சுண்ணாம்புச் சுதையில் வருஷமும் தாத்தா பெயரும் இருந்ததாகக் கேள்வி, அவ்வளவுதான். அய்யாக்குட்டியின் அப்பா, கொத்தனாரைக்கூடக் கூப்பிடாமல், தன் கையாலேயே அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வீட்டை இத்தனை வருஷத்தில் யார் அண்ணாந்து பார்த்தார்கள்? உள்ளே ஒரே அளவில் எட்டு அறைகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். தாத்தாவுக்குப் பெரிய குடும்பம் என்பார் அய்யாக்குட்டி. சாரல் சீசனில் அந்த அறைகளைக் குற்றாலத்துக் கூட்டத்துக்கு வாடகைக்கு விடுவார். யாராவது வெந்நீர் கேட்டால் மட்டும், இது பரம்பரை வீடு, லாட்ஜ் இல்லை என்று சொல்லிவிடுவார்.

கீழ்வரிதான் முதலில் வெளியே வந்தது. கொல்லம் ஆண்டு 1096. வித்யாலட்சுமி மனக்கணக்குப் போட்டு, அப்படியென்றால் 1921, நூறு தாண்டிவிட்டது, இது போதும், இறங்குங்கள் என்றார்.

இறங்கியிருக்கலாம். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி ஜெயசித்ராவும் அதையேதான் சொன்னாள். ஆனால் தெருவே திரண்டு நிற்கும்போது தாத்தா பெயரைக் காட்டாமல் இறங்க மனசு வருமா? தாத்தா பெயர்தானே பேரனுக்கும்.

நாலு தட்டில் அது வந்துவிட்டது. அய்யாக்குட்டி.

"பாத்தியளா? எங்க தாத்தா."

சிப்ஸ் கடை பெலிக்ஸுக்குக் கண் கூர்மை. "அண்ணாச்சி, பேருக்கு முன்னால இன்னொரு வார்த்த இருக்கும்போல. தட்டுங்க."

தட்டினார். 'காவல்' என்று வந்தது.

உளி நின்றது. கை வலிக்கிறது என்றார், வெயில் என்றார், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். இறங்கக் காலை நீட்டினால், கால் வைக்க இடமில்லாமல் கீழே முகங்கள். எல்லார் கையிலும் செல்போன் வேறு.

"காவக்காரன் பேரு இருந்தா, வீட்டுக்காரன் பேரும் மேல இருக்கணும்லா?" என்றான் பெலிக்ஸ்.

இவ்வளவு வந்தபிறகு முழு எழுத்தும் படத்தில் வேண்டும், முடியாவிட்டால் தன் ஆளை ஏற்றுவதாக வித்யாலட்சுமியும் சொல்லிவிட்டார். அய்யாக்குட்டி மறுபடி தட்டினார், சுவருக்கு நோகாமல். அப்பா பூசிய சிமெண்டோ இதற்காகவே காத்திருந்ததுபோல் ஒரே பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

'வழிப்போக்கர் இலவசமாகத் தங்க மாடத்தியம்மாள் எழுதிவைத்த தர்மச் சத்திரம்.' இரண்டு பக்கமும் இரண்டு சுதைக் கிளிகள்.

தெரு வாய்விட்டு வாசித்தது, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை. மேலே போக ஏணி இல்லை, கீழே இறங்க முகம் இல்லை. அய்யாக்குட்டி நின்ற படியிலேயே நின்றார். வித்யாலட்சுமி நிதானமாகப் படம் எடுத்து, பட்டியலில் எழுதி, கையெழுத்தும் போட்டார்.

அய்யாக்குட்டி மேலே நின்றபடியே அவரிடம் கேட்டார். "அப்பம் இனிம இடிக்க மாட்டியள்லா?"

"இடிக்க மாட்டோம், அண்ணாச்சி. நீங்கதான் காலி பண்ணணும்."