சத்தம் போடும் கேமரா

“இதுல எத்தனை கார்டு போடலாம்?” என்று கேட்டார் மப்ரூகா அப்லா.

கேமராக் கடைக்கார மிஃப்தா பெருமையோடு இரண்டு விரலை நீட்டினான். “ரெண்டு, அப்லா. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல அதே படம் பத்திரமா இருக்கும்.”

போச்சு, என்று நஜாத் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்போ ஒண்ணை என் கையில கொடுத்துட்டு, இன்னொண்ணைப் படம் எடுக்கிறவ தன் வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். உள்ள வை இதை.”

லிபியாவின் மிஸ்ராத்தா ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்; அதனால் எல்லாருக்கும் அவர் ‘அப்லா’, டீச்சரம்மா. மிஃப்தாவும் அவரிடம் அடி வாங்கியவன்தான். மறுபேச்சில்லாமல் உள்ளே வைத்தான்.

வியாழக்கிழமை அப்லாவின் மகளுக்குக் கல்யாணம். படம் எடுக்கப்போவது நஜாத். போன வாரம் அவளுடைய பழைய கேமரா ஒரு மண்டபத்து மேடையிலிருந்து விழுந்து உயிரை விட்டது. புதிது வாங்கப் போகிறேன் என்று அப்லாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். “நான் பார்க்காத கேமரா என் மண்டபத்துக்குள்ள வராது” என்று அவரும் கூடவே கிளம்பி வந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெண்கள் மட்டும் இருந்த ஒரு மண்டபத்தில் எடுத்த மணப்பெண்ணின் படம், போன குளிர்காலத்தில் ஊர் ஆண்களின் போனுக்கெல்லாம் போய்விட்டது. அந்த மணப்பெண் ஒரே மாதத்தில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். படம் எடுத்தவளை அதற்குப் பிறகு யாரும் வாசற்படி ஏற்றவில்லை. இப்போதெல்லாம் மண்டப வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் கேமராவில் இருக்கும் கார்டைக் கழற்றிப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும்.

நஜாத்துக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் மங்கல் வெளிச்சத்தில் படம் கலங்கிப்போனாலும், கார்டு பாதியில் மண்டையைப் போட்டாலும், அவள் பிழைப்பு போனதுதான்.

மிஃப்தா அடுத்ததை எடுத்து வைத்தான்.

“இது மிரர்லெஸ், ஃபுல் ஃபிரேம். கடைசி வரிசையில நிக்கிறவங்க முகத்தைத் தனியா வெட்டிப் பெருசாக்கினாலும் பளிச்சுனு தெரியும்.”

அப்லாவின் முகம் சுருங்கியது.

“எடுத்த உடனே படம் தானா போனுக்குப் போயிடும்.”

“யார் போனுக்கு?”

நஜாத் கண்ணால் ஜாடை காட்டினாள். அவன் கவனித்தால்தானே.

“பழைய கேமரா மாதிரி உள்ளே கண்ணாடி கிடையாது, அப்லா. சத்தமே வராம வச்சுக்கலாம். எடுக்கிறதே யாருக்கும் தெரியாது.”

“திருடனுக்குன்னு செஞ்சதாடா இது?”

இப்படியே மேல்தட்டு காலியானது. கடைசியில் அப்லாவே கீழ்த்தட்டைக் காட்டினார்.

“அது வேண்டாம் அப்லா. உள்ளே கண்ணாடி வச்ச பழைய மாடல். ஒரே கார்டுதான். வைஃபை செத்துப்போச்சு. பேட்டரி நிக்காது. சத்தத்தை அடக்கவும் முடியாது.”

“இதை ஏன்டா முதல்லயே காட்டலை?”

நஜாத் குறுக்கே வந்தாள். “அப்லா, ஒரே கார்டுன்னா அது கெட்டதும் எல்லாம் போயிடும்.”

“கார்டு கெட்டா படம்தான் போகும். படம் வெளியே போனா பொண்ணோட வாழ்க்கை போகும்.”

லென்ஸாவது நல்லதாக அமையட்டும் என்று, இருட்டிலும் எடுக்கக்கூடிய ஒன்றைக் கேட்டாள் நஜாத். மிஃப்தாவுக்கு இப்போது வியாபாரம் பிடிபட்டிருந்தது. குறைகளை முதலில் சொன்னான்.

“ஒரு கிலோ கனம் இருக்கும், அப்லா. விடிய விடியத் தூக்கினா மணிக்கட்டு விட்டுப்போயிடும். ஒருத்தர் மேல ஃபோகஸ் வச்சா பக்கத்துல நிக்கிறவங்க புகையாப் போயிடுவாங்க.”

“ஒருத்தர் மட்டும்தான் தெரிவாங்களா?”

“ஆமா.”

“அவங்க ஆடிக்கிட்டிருந்தாலும்?”

“ஆடினாலும் கலங்காது.”

“சரி, அதை எடு” என்றார் அப்லா. வந்ததிலிருந்து அவர் திட்டாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிறகு கேமராவைத் தானே வாங்கி, காதருகில் வைத்து அமுக்கிப் பார்த்தார். டக் என்றது.

“கொட்டுச் சத்தத்துல இது கேட்குமா?”

“பக்கத்துல நின்னு எடுத்தா கேட்கும், அப்லா.”

சார்ஜர் எடுக்க மிஃப்தா உள்ளே போனான். அப்லா வாசலை ஒரு முறை பார்த்தார். நஜாத்தின் பக்கம் குனிந்தார்.

“பாட்டுக்காரிங்க வேகமாக் கொட்ட ஆரம்பிச்சதும் நான் எழுந்திருப்பேன்.”

நஜாத்துக்கு முதலில் விளங்கவில்லை. அப்லாவை அவள் எத்தனையோ கல்யாணங்களில் பார்த்திருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை நடத்த வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

“நீங்க ஆடப்போறீங்களா?”

“மெல்லப் பேசு. என் கல்யாணத்துல ஆடினதுதான், அப்புறம் ஆடலை. அதுக்குப் படம் கிடையாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். என்கிட்ட அடி வாங்கினவன் போன்ல அது ஓடக் கூடாது, அவ்வளவுதான்.”

நஜாத் கேமராவைப் பார்த்தாள். நிற்காத பேட்டரி, ஒற்றைக் கார்டு.

“நாலஞ்சு எடுத்துக்கறேன் அப்லா. ஒண்ணு தவறினாலும்…”

“ஒண்ணுதான். சத்தம் கேட்டதும் நான் உட்கார்ந்துடுவேன்.”

மிஃப்தா திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அப்லா நிமிர்ந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டினார். நஜாத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“அதனால, அவசரப்பட்டு அமுக்கிடாதே.”