சுடாத குழாய்

கணவனின் ஆய்வகத்தில் இருந்த கண்ணாடிக் குழாயில் விரல் வைத்தாள்.

சுடவில்லை.

உள்ளே வாயு இளஞ்சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"பயப்படாதீங்க. உள்ள எலக்ட்ரான் இருபதாயிரம் டிகிரி. வாயு நம்ம உடம்புச் சூடுதான்" என்றாள் மெர்லின். அவள் கணவனோடு இங்கே வேலை பார்ப்பவள்.

ஒரே குழாய்க்குள் இரண்டு சூடா?

"எலக்ட்ரான் ரொம்ப லேசு. அணு மேல போய் முட்டினாலும் சூட்டக் குடுக்காது, தானே வெச்சுக்கும். அதனால இதுக்கு இத்தனை டிகிரின்னு ஒரே பதில் கிடையாது. எதைக் கேக்குறோம்னு பாக்கணும்."

பாதி புரிந்தது. மீதியைக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

ஆய்வகத்தைக் குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள் அது. அவள் வந்ததோ வேவு பார்க்க. ஆபீஸ் சுகிர்தாவோடு போனில் விழுந்து விழுந்து சிரிக்கிறானே, அந்த மகாராணி யார் என்று.

பார்த்தாயிற்று. சுகிர்தாவுக்குத் தலை முழுக்க நரை. வாட்ச்மேனிடமும் அவனுக்கு அதே சிரிப்புதான்.

வயிற்றெரிச்சல் அடங்கியது.

மெர்லினைப் பற்றி வீட்டில் பேச்சே வந்ததில்லை. இங்கேயும் "சார்", "மேடம்" தான். இருவரும் முகம் பார்த்துக்கூடப் பேசிக்கொள்ளவில்லை. பாவம், நல்லவர்கள்.

ஒளி துடித்தது.

பழுதைப் பார்க்கக் கருவிக்குப் பின்னால் கணவன் குனிந்தான். அங்கிருந்து குழாயும் தெரியாது, சுவிட்சும் தெரியாது. மெர்லின் போய் சுவிட்சை அணைத்தாள்.

அணைத்தவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

மெர்லின் சொல்லவில்லை.

அவன் கேட்கவுமில்லை. மின்சாரக் கம்பியை வெறும் கையால் பிடித்துத் திருகினான்.

வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்குள், "மெயின் ஆஃப் பண்ணிட்டியா?" என்று அவளை மூன்று முறை கேட்பான். பண்ணிட்டேன் என்பாள். அப்புறமும் ஸ்டூலை விட்டு இறங்கிப் போய்த் தானே பார்ப்பான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

என்னை ஒரு தடவைகூட நம்பினதில்லையே.

அடங்கிய பொறாமை இப்போது மெர்லின் மேல் திரும்பியது.

குழாய் மறுபடி ஒளிர்ந்தது. அவன் எழுந்து, கம்பியைப் பார்த்தபடி, "தேங்க்ஸ் மேடம்" என்றான்.

இந்த முறை உள்ளங்கை முழுவதையும் கண்ணாடியில் வைத்தாள்.

அதே இளஞ்சூடு.

"இருபதாயிரம்னா சொன்னீங்க?" என்று மெர்லினைக் கேட்டாள்.

கையை எடுக்கவில்லை.