கிறீச்சிடாத வால்வு

"என்ன இரெக், இன்னும் பத்தவே வைக்கல, அதுக்குள்ள நடுங்குற?" மணல் மூட்டைகளுக்குப் பின்னால் அவர்களோடு குந்தியிருந்த நண்பன் லெஷெக் சிரித்தான். "ராக்கெட் மோட்டார் செஞ்சது உன் பொண்டாட்டி. பயப்படுறது நீ!"

உருளைக்கிழங்கு வயலுக்கு அப்பால் போக்னாவின் மோட்டார் நின்றது. குழாயில் எரிபொருளாக மெழுகு, மேலே தொட்டி நிறைய அதை எரியவைக்கும் வாயு.

"போன தடவை வால்வு இறுகிப்போய்க் கவுத்துருச்சு," என்றாள் போக்னா. "இன்னிக்கு வெண்ணெய் மாதிரி திரும்புது. எல்லாத்தையும் ஸ்பிரிட்ல கழுவினேன்ல? துளி எண்ணெய் இந்த வாயுவோட சேர்ந்தாலும் குண்டு மாதிரி வெடிச்சிரும்."

இரெக்கின் முகம் வெளுத்தது. "இன்னிக்கு வேண்டாமே, போக்னா."

"எப்பவும் இதே பாட்டுதான், பயந்தாங்கொள்ளி!" அவள் பற்றவைக்கும் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தாள். "அஞ்சு... நாலு..."

அவன் அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"காலையில நீ காபி போடப் போனப்ப அந்த வால்வைத் திருப்பிப் பாத்தேன். கிறீச்சுன்னுச்சு. சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான்..."

லெஷெக்கின் சிரிப்பு நின்றது.

போக்னா கட்டைவிரலை மெல்ல எடுத்து, தொட்டியிலுள்ள வாயுவை வெளியேற்றும் இன்னொரு பொத்தானை அழுத்தினாள். தொட்டியின் உச்சியிலிருந்து வெண்புகை சீறியது. அது அடங்கும்வரை அவள் இரெக்கின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அடங்கிய பிறகும் விடவே இல்லை. இப்போது அதிகம் நடுங்கியது அவள் விரல்கள்தான்.