ஒன்பது மீட்டர் கடல்

மேடம் ஈரப் பஞ்சைப் பாறைமேல் ஒற்றினார். லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

நிமிரவே இல்லை.

மேசைக்கு மறுபக்கம் நின்றிருந்தவன் அவர் கையையே பார்த்தான். மூன்று மாதமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தான்.

மேசைமேல் நீள நீளப் பெட்டிகள். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பூமிக்கு அடியிலிருந்து எடுத்த பாறைத் தண்டு, ஒன்பது மீட்டர், துண்டு துண்டாக அவற்றில் கிடந்தது. ஒரு காலத்தில் அது கடலடி. அதைப் படித்துச் சொல்வதுதான் ஜியாலஜிஸ்ட் தாட்சாயணி மேடத்தின் வேலை.

கேட்டுக் கேட்டு அவனுக்கும் கொஞ்சம் படிக்க வரும்.

கீழே மணல், மேலே சேறு என்றால் கடல் கரையைத் தாண்டி ஏறி வந்திருக்கிறது. கீழே சேறு, மேலே மணல் என்றால் கடல் பின்வாங்கியிருக்கிறது. ஒரேயடியாகப் பின்வாங்கிவிட்டால் அங்கே எதுவும் படியாது. படிந்திருந்ததையும் ஆறு அறுத்துக்கொண்டு போய்விடும். ஒரு கோடுதான் மிஞ்சும். விரல் தடிமன்கூட இருக்காது. பத்து லட்சம் வருடம் அதற்குள் தொலைந்து போயிருக்கும்.

இந்த ஒன்பது மீட்டரில் கடல் பின்வாங்குகிறது. முதல் அறிக்கை அப்படித்தான் சொன்னது. அதை நம்பி அடுத்த கிணற்றுக்குக் கிழக்கே இடம் குறித்தாகிவிட்டது.

மேடத்தின் விரல் ஒரு புழு வளையில் நின்றது. சேற்றில் புழு குடைந்த வளை. மேலேயிருந்து விழுந்த மணல் அடைத்துக் கல்லாகியிருந்தது.

வளையின் வாய் கீழே பார்த்தது.

எந்தப் புழுவும் வீட்டு வாசலைத் தரைக்கு அடியில் வைப்பதில்லை.

மேடம் அடுத்த பெட்டிக்குப் போனார். அதற்கடுத்த பெட்டிக்கு. ஏழு வளை பார்த்தார். ஏழும் அப்படியே.

ஒன்பது மீட்டரும் தலைகீழ். பின்வாங்கியதாக எழுதிய கடல் உண்மையில் ஏறி வந்த கடல். கிணறு போட வேண்டியது மேற்கே.

தண்டு மேலே வந்ததும் அதன் நீளத்துக்கு இரண்டு கோடு போட வேண்டும். மேல்நுனியைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் கருப்பு. பிறகு எத்தனை துண்டாக வெட்டினாலும் எது தலை, எது கால் என்று கோடு சொல்லிவிடும். கோடு போடுவது அவன். கோட்டைப் பார்த்து வெட்டி, எண் எழுதிப் பெட்டியில் அடுக்குவது சூசைராஜ்.

அவனுக்குச் சிவப்பு தெரியாது.

சிவப்பும் கருப்பும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். மனைவியின் நெற்றிக் குங்குமமும் கருப்புதான். அது அவளுக்கே தெரியாது.

வேலைக்குச் சேரும்போது மருத்துவர் புள்ளிப் படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார். முன்னால் நின்றவர்கள் சொன்னதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பத்தொன்பது வருடம் மறைத்தான்.

கடையில் முதலில் சிவப்பு மார்க்கரைக் கேட்பான். கையில் வாங்கியதும் அங்கேயே அதில் ஒரு நூலைக் கட்டுவான். அதற்குப் பிறகுதான் கருப்பைக் கேட்பான்.

மூன்று மாதத்துக்கு முன், இந்தத் தண்டு மேலே வந்த அன்றைக்கு மழை. கையெல்லாம் சேறு. நூல் எங்கோ நழுவி விழுந்துவிட்டது. தண்டின் மேல்நுனி எது என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பேனா எது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்தில்தான் சூசைராஜ் நின்றான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

கேட்கவில்லை. கடவுளே என்று ஒன்றை எடுத்தான்.

மேடம் நிமிர்ந்தார். பெட்டியோடு இருந்த தாளில் கையெழுத்தைப் பார்த்தார்.

"சூசைராஜா அடுக்குனது? அவர வரச் சொல்லுங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அப்படி ஒரு நிம்மதி அவனுக்குள் இறங்கியது உண்மை. பொய் சொல்வானேன், உடம்பே லேசாகிவிட்டது.

கதவு வரை நடந்தான்.

வெளியே குழாயடியில் சூசைராஜ் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒப்பந்தக்காரரின் ஆள். கிணற்றையே இடம் மாற்றிய தவறு என்றால் நாளைக் காலை கேட்டுக்கு உள்ளே விட மாட்டார்கள். இவனைப் பார்த்ததும் சிரித்தான். பெருவிரலை வாயருகே கொண்டுபோய், டீக்குப் போகலாமா என்று சைகை காட்டினான்.

இவன் தலையாட்டவில்லை. திரும்பி வந்தான். கூசிப் போயிருந்தான்.

"சூசை மேல தப்பில்ல மேடம். கோடு போட்டது நான். எனக்குச் செவப்பு தெரியாது."

சொல்லிவிட்டான். வாழ்க்கையில் முதல்முறை. வேலை போய்விடும் என்று தெரிந்தது. ஆனாலும் மூச்சு சீராக வந்தது.

மேடம் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை. அவனையும் பார்க்கவில்லை, மேசையையும் பார்க்கவில்லை.

அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். தரையிலிருந்து கூரை வரை, வரிசை வரிசையாக, அவன் கோடு போட்ட பெட்டிகள்.

இந்த ஒன்றுதான் மேடம் என்று சொல்ல வாயெடுத்தான்.

நூலை அவனே கட்டினான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது சிவப்புதானா என்று ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

அவனும் மெல்லத் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தான்.